ஐந்து மாடி ஏறிய கார்

முதலில் வைப்பர் இரண்டும் வந்தன.
கோட்டுப் பையிலிருந்து எடுத்து
உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தான் ஜெமால்,
சந்தையில் வாங்கிய வெங்காயத்தாள் மாதிரி.
மறுவாரம் பக்கக் கண்ணாடி.
அப்புறம் ஸ்டெப்னி,
அப்புறம் டேங்கில் உறிஞ்சிய பெட்ரோல், ஒரு கேனில்.
(அடுப்பங்கரை முழுக்க அந்த வாடை.
சூப்பிலும்.)

குதாயிசியில் அந்தக் குளிர்காலம்
மின்சாரம் என்பது வெறும் வதந்தி.
எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் எப்போதுமே இல்லை.
ஐந்து மாடி, எண்பத்திரண்டு படி.
நவம்பரில் பேட்டரியை
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறி வந்தான்.
என்னை அப்படி அவன் தூக்கியதில்லை.

டிசம்பரில் ஸ்டீயரிங்.
கட்டிலுக்கு மேல் ஆணியில் தொங்கியது.
கீழே பனியில் நின்ற வெள்ளை ஜிகுலி
பல் கழற்றிய கிழவர் வாய்போல் இருந்தது.
"வா, வந்து திருடு பார்க்கலாம்" என்பான் ஜன்னலோரம் நின்று,
யாருமில்லாத தெருவைப் பார்த்து.

வீட்டுக்கு மூன்று பூட்டு.
மூன்றாவது,
லாரித் தொழிற்சாலையை மூடியபோது
சம்பளத்துக்குப் பதில் கொடுத்த இரும்பில்
அவனே அடித்த தாழ்ப்பாள்.
சந்தேகப் பட்டியல் ஒன்றும் வைத்திருந்தான்.
இரண்டாம் மாடி வாழா: வேலையில்லாமல் வாசலில் நிற்கிறான்.
ஓத்தியாவின் பையன்கள்: பகலில் தூங்குகிறார்கள்.
சுகுமியிலிருந்து போருக்குத் தப்பி வந்து
மூலை அறையில் ஒண்டியிருக்கும் குரமும் நாயிலியும்:
"ஒன்றுமில்லாமல் வந்தவர்களுக்கு
எல்லாவற்றின் மேலும் கண் இருக்கும்."

பட்டியலில் என் பெயர் இல்லை.
அவன் குறட்டை தொடங்கியதும்
ஒரு சின்ன பல்பை இரண்டு கம்பியால் பேட்டரியில் மாட்டி
ஏழாம் வகுப்பு பூகோள நோட்டுகளைத் திருத்துவேன்.
நதிகளை மலைமேல் ஏற்றியிருப்பார்கள் பிள்ளைகள்.
ஒரு மணி நேரம். சில நாள் இரண்டு.

ஜனவரியில் ஓர் இரவு கதவு அதிர்ந்தது.
"யார்?" என்றான் ஜெமால், கையில் ஜாக்கிக் கம்பி.
"நாயிலிக்கு" என்றது குரல். அதற்கு மேல் வரவில்லை.
மூன்று பூட்டையும் திறப்பதற்குள்
அந்த மனிதன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்குத்தான் காரைப் பூட்டினோம்,
பாகம் பாகமாக.
ஸ்டீயரிங்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினான் ஓத்தியாவின் மூத்தவன்.
கேனை இளையவன்.
இருட்டுப் படிகளில் பேட்டரியை இறக்கியது வாழா.
எந்த நட்டு எங்கே என்று
தீக்குச்சி கிழித்துக் கிழித்துத் தேடினோம்.
நாயிலி போர்வைக்குள் கடவுளை ஏசிக்கொண்டிருந்தாள்,
சுத்தமான சுகுமிப் பேச்சில்.

சாவியைத் திருகினான்.
டிக்.
மறுபடி.
டிக்.
"குளிர்" என்றான் ஜெமால்.
நான் பேசவில்லை.

தள்ளினோம். ஒன்பது பேர்.
அவன் பட்டியல் மொத்தமும் டிக்கியில் உள்ளங்கை வைத்து நின்றது.
ரொட்டிக்கடை தாண்டி இறக்கத்தில்
வண்டி ஒருமுறை இருமி,
பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு முன்பே,
பின் சீட்டில், பெண் குழந்தை.
சீட் உறையை அப்புறம் நான்தான் துவைத்தேன்.

விடிந்து திரும்பினால்
வீடு மல்லாக்கத் திறந்து கிடந்திருக்க வேண்டும்.
நாங்கள் பூட்டவேயில்லை, ஒன்றைக்கூட.
கதவு சாத்தியிருந்தது.
வைப்பர் உப்பு ஜாடிக்குப் பக்கத்திலேயே.
மேசையில் முழு ரொட்டி வைத்திருந்தேன்,
பாதிதான் இருந்தது.
நேராக வெட்டிய பாதி. கத்தியைத் துடைத்தும் வைத்திருந்தார்கள்.

ஜெமால் ரொட்டியையே வெகுநேரம் பார்த்தான்.
பட்டியலை எடுத்தான்.
எழுதாமல் மடித்தான்.

மனிதன் மாறிவிட்டான் என்று சொல்லமாட்டேன்.
அன்று மாலையே நாலாவது பூட்டு வந்தது.
வைப்பரும் பேட்டரியும் வழக்கம்போல் மேலே.
ஆனால் பேட்டரியை இம்முறை
கட்டிலடியில் தள்ளாமல்
என் மேசைக்கு அருகே இறக்கினான்.
புத்தக அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு
நான் ஒளித்த பல்பை எடுத்து
கம்பி இரண்டையும் அவனே மாட்டினான்,
இடம் கேட்காமல்.

நாற்பது நோட்டு பாக்கியிருந்தது.